மூன்றடுக்கு இறக்கைக்காகப் பாதிச் சவரம்

நாளைக் காலை மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். அதற்காக இன்று பஸ் ஏறி, டவுனில் தெங்கேராவில் இருக்கும் முத்தையாவின் சவரக்கடைக்குப் போனேன்.

போன யுத்தத்துச் சண்டை விமானப் படங்களைக் கண்ணாடியோரம் செருகி வைத்திருந்தான். சிகரெட்டுப் பெட்டிக்குள் வருகிற அட்டைகள்தான்.

வலது கன்னம் முடிந்ததும் கேட்டான்: "இதுல எதுண்ணே அழகு?"

மூன்றடுக்கு இறக்கை வைத்த சிவப்பு ஜெர்மன் விமானம் என்றேன்.

"அதுவா? அடுக்குச் சட்டி மாதிரி இருக்கு லா! வெள்ளைக்காரனோட ரெண்டு இறக்கைதான் ஸ்டைலு. அவன்தானே ஜெயிச்சான்."

"ஜெயிச்சவன் மூஞ்சியெல்லாம் அழகாயிடுமாடா?"

அந்தச் சிவப்பு விமானத்தைப் புகழ்ந்திருந்த அட்டையின் பின்பக்கத்து ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தும் காட்டினேன். பள்ளிக்கூடம் போகாத நான் படித்தால் அவன் காதில் ஏறுமா?

முத்தையா கத்தியை மடக்கினான். "ரெண்டு இறக்கைதான் அழகுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இடது கன்னத்தை முடிச்சிடுறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் துண்டை உதறிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது நம் புலாவ் செபாங் வரை இடது கன்னத்தைப் பஸ் ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்ததில் கழுத்து வலிக்கிறது.

"சரின்னு சொல்லித் தொலைச்சா என்ன? பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?" என்கிறாள் மனைவி.

அலுத்துப் போயிருக்கிறேன். ஆனாலும் சொல்ல மாட்டேன்.

நானே சவரம் செய்துகொள்ளக் கை நடுங்குகிறது. அதனால்தான் இதை எழுதி நம் வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். நம் ரப்பர் தோட்டத்தில் சவரக்கத்தி வைத்திருப்பவர்கள் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வாருங்கள்.

எந்த விமானம் அழகு என்பதை மட்டும் வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.