நான் ருசி பார்க்காத ராமென் கடைகள்

மொன்றியலில் நல்ல ராமென், அந்த ஜப்பான் நூடில்ஸ் சூப், எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால் ஏழு கடைகளைச் சொல்லுவேன். எந்தக் கடைச் சூப்பில் மூடியைத் திறந்ததும் இஞ்சி மணக்கும், எங்கே முட்டையின் மஞ்சள் கரு வழியாமல் நிற்கும், எங்கே பன்னிரண்டு மணிக்கு முன் போனால் வரிசையில் நிற்கத் தேவையில்லை, எல்லாம் தெரியும். ருசி மட்டும் தெரியாது. ஏழில் ஆறு கடைகளின் சூப் என் நாக்கில் பட்டதே இல்லை.

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்திருந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். மார்கழிக்குள் எல்லாம் முடிந்தது, கட்டி கரைந்துவிட்டது என்றார்கள். கட்டியோடு சேர்ந்து நாக்கின் ருசியும் போய்விட்டது. இடியப்பம், சொதி, கஞ்சி, எதை வைத்தாலும் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது. "மண்ணைத் தின்னுற மாதிரிக் கிடக்கு" என்பார். செவ்வாய்க்கிழமை தோறும் ஆஸ்பத்திரியில் நிறை பார்ப்பார்கள். அவருடைய சாப்பாட்டைக் கவனிக்கும் பெண், ஐம்பத்தெட்டுக் கிலோவுக்குக் கீழே போனால் மூக்கால் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்றாள். அன்று அவர் ஐம்பத்தொன்பது. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டு மூன்றாம் மாடிக்கு ஏறும்போது அவர் பாதிப் படியில் நின்று, "அதைப் போட விடாதையும்" என்றார்.

நோய் என்று தெரிந்த அன்றே நான் முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். அவர் சுகமாகிப் பழையபடி சாப்பிடும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை, நாளுக்கு ஒரு நேரம்தான் சாப்பாடு. எங்கள் ஆட்களுக்குப் பயம் வந்தால் முதலில் செய்வது வாயைக் கட்டுவதுதான். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் மீனை விட்டேன். பிடிக்காத ஒன்றை விட்டு முருகனை ஏய்க்கலாமா?

தை மாதத்தில் ஒரு நாள் அவர் தானாகவே வாயைத் திறந்து ஒன்று கேட்டார். புவாண்ட்-கிளேரில் அவர் வேலை செய்த வேர்ஹவுஸில் கூட இருந்தவர் ஒருவர், சிகிச்சை தொடங்குவதற்கு முதல் நாள் அவரை டவுன்டவுனுக்குக் கூட்டிப்போய் ராமென் வாங்கிக் கொடுத்தாராம். "அந்தச் சூப்தான் இப்பவும் நினைவில நிக்குது" என்றார். கடையின் பெயர் தெரியாது. நாலைந்து படி கீழே இறங்கவேண்டும், கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்திருந்தது, அவ்வளவுதான். கூட்டிப்போனவர் இப்போது வேறு மாகாணத்தில். பழைய நம்பர் வேலை செய்யவில்லை.

நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் மகளுக்குப் போன் எடுத்தேன். "படி இறங்கிற கடை எண்டால் மொன்றியல்ல பாதிக் கடை அப்பிடித்தானே, அம்மா" என்றாள். பிறகு இன்டர்நெட்டில் ஆட்கள் போட்ட நட்சத்திரங்களைப் பார்த்து ஒரு பட்டியல் அனுப்பினாள். கீழே ஒரு வரி: "இதெல்லாம் பண்டி எலும்பு அவிச்ச சூப். உங்களுக்கு ஓகேவா?"

பன்றி எலும்பு எனக்கு ஓகேயா என்பதா விஷயம்? சாப்பிடப்போவது அவர்.

படியில் ஐஸ் உறைந்து கிடந்ததால் அவரைக் கூட்டிப்போகப் பயம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் மட்டும் மெட்ரோ பிடித்து ஒரு கடைக்குப் போனேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ருசி பார்க்க முடியாதவள் எதை வைத்துக் கடையை மதிப்பது? ஒரு தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மூலையில் இருந்து மற்றவர்களைப் பார்த்தேன். கிண்ணத்தைத் தூக்கி அடிவரை குடிக்கிறார்களா, பாதியில் வைத்துவிட்டுப் போனைப் பார்க்கிறார்களா. திரும்பி வரும் கிண்ணங்களை எண்ணினேன். ஒரு கடையில் பரிமாறும் பெண் வந்து, "சா வா, மதாம்?" என்று பிரெஞ்சில் இரண்டு தரம் சுகம் விசாரித்தாள். சுகாதாரப் பரிசோதனைக்கு வந்த ஆள் என்று நினைத்தாளோ என்னவோ. மெர்சி என்று நன்றி சொல்லி ஒரு ராமென் கட்டித் தரச் சொன்னேன்.

முதல் பார்சலை நானே கெடுத்தேன். சூப்பை வேறாகவும் நூடில்ஸை வேறாகவும் தந்திருந்தார்கள். நான் எங்கள் வழக்கப்படி இரண்டையும் ஒரே சட்டியில் கொட்டி, தொண்டைக்கு இதமாகக் குழையட்டும் என்று கொதிக்க வைத்தேன். கூழாகிவிட்டது. அவர் இரண்டு கரண்டி குடித்தார். "இது அந்தக் கடை இல்லைப்போல" என்றார். அடுத்த வாரம் கவனமாகச் சூடாக்கினேன். அதற்கும் இரண்டு கரண்டி. மூன்றாம் கடை, நாலாம் கடை, ஐந்தாம் கடை. "இது இல்லைப்போல." தராசு நூறு, இருநூறு கிராம் என்று இறங்கிக்கொண்டே இருந்தது. ஆறாம் கடைக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை ஐம்பத்தெட்டுக் கிலோவும் இருநூறு கிராமும். சாப்பாட்டைக் கவனிக்கும் பெண் குழாய் பற்றிய பத்திரத்தை எடுத்து என் கையில் தந்தாள், வீட்டில் வைத்து வாசியுங்கள் என்று.

நான் வாசிக்கவில்லை. குசினி லாச்சியை இழுத்து, கரண்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

அந்த வியாழக்கிழமை ஐஸ் கரைந்திருந்தது. அவருக்கு இரண்டு ஜாக்கெட் போட்டு, சால்வை சுற்றி, டாக்சியில் ஏழாவது கடைக்குக் கூட்டிப்போனேன். நாலு படி. கண்ணாடியில் ஆவி. "இதுவாயும் இருக்கும்" என்றார். ஒரு கிண்ணம் வந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். விழுங்கினார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இஞ்சேரும், ஒண்டு சொல்லுறன், கோவிக்காதையும்" என்றார். "நீர் கொண்டுவந்த ஆறும் எனக்கு ஒண்டுதான். எந்தக் கடை, எந்தச் சூப் எண்டு என்ர நாக்குக்குத் தெரியேல்லை. அந்தக் கடையே வந்தாலும் தெரியாது."

"பேந்து ஏன் ஒவ்வொரு தரமும் இது இல்லை எண்டனீங்கள்?"

"நீர் அவ்வளவு தூரம் போட்டு வாறீர். வேற என்னத்தைச் சொல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆறு வாரம், பனியில், பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற மெட்ரோ எல்லாம் கண்முன் வந்தது. அவர் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீர் குடிச்சுச் சொல்லும். எப்பிடி இருக்கெண்டு."

"அது பண்டி. நான் நேர்த்தியில இருக்கிறன்."

"தெரியும்."

"உங்களுக்காகத்தான் வைச்சனான்."

"அதுவும் தெரியும். சாப்பிடாத ஆளுக்கு முன்னால இருந்து நான் எத்தனை நாளைக்குச் சாப்பிடுறது?"

நான் பயந்தேன். குடித்தால் அந்தக் கட்டி திரும்பி வரும் என்று மனதார நம்பினேன். குடிக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை குழாய். அவருடைய கழுத்தெலும்பு சால்வைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. முருகனிடம் மன்னிப்புக் கேட்கக்கூட நேரம் எடுக்கவில்லை. கரண்டியை எடுத்துக் குடித்தேன்.

"உப்பு" என்றேன். "முதல் உப்புத்தான். பேந்து கொழுப்பு வருது, ஆட்டெலும்பு ரசம் மாதிரி. ஆனால் மிளகு இல்லை. கடைசியில லேசா ஒரு இனிப்பு."

அவர் ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். "உப்பு" என்றார். இன்னொரு கரண்டி. "கொழுப்பு." பிறகு கண்ணைத் திறந்து, "நூடில்ஸ் எப்பிடி?" என்றார். நான் நூடில்ஸ் சாப்பிட்டுச் சொன்னேன். முட்டையைக் கடித்துச் சொன்னேன். நான் ஒரு வாய், அவர் ஒரு வாய். கண்ணீர் வந்து என் மூக்கால் ஒழுகியது. அவர் கிண்ணத்தைத் தூக்கி அடியில் கிடந்ததைக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை தராசில் ஐம்பத்தெட்டும் இருநூறும். ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அந்தப் பெண் குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை. வெளியே வரும்போது அவர், "வியாழக்கிழமையும் போவம்" என்றார். "பட்டியல்ல இன்னும் கடை இருக்குத்தானே. நீர் வராட்டி அது என்னெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

ஓம் என்றேன். அதற்குப் பிறகு நான் இன்னும் கோயிலுக்குப் போகவில்லை. முருகனிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் அந்தப் பயத்தோடேயே அவருக்குச் சால்வையைச் சுற்றிவிட்டேன்.