மினோரு வீட்டு மணி

என் அக்கா கிகுனோவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஹருயோ, ஏரிக்கு அந்தப் பக்கம் சுவாவில் வாழ்க்கைப்பட்டவள். இளையவன் மினோரு, ஒகாயாவிலேயே தபால் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் கட்டவில்லை. நான் தாய்மாமன்.

அக்காவுக்குக் கடைசிக் காலத்தில் காது மந்தம். டிவியை அலறவிட்டு அம்மாவும் மகனும் வாள் சண்டை நாடகம் பார்ப்பார்கள். அக்கா போனதும் வீட்டில் பேச்சுமூச்சு இல்லை.

எரித்து எலும்பு பொறுக்கி வந்த அன்றே பேச்சு எழுந்தது. அக்காவின் பெயர் எழுதிக் கும்பிடும் பலகையும் அது நிற்கும் கறுப்புப் பூசை அலமாரியும் இனி யார் வீட்டில் இருப்பது? ஒண்டிக்கட்டை எங்கே பார்த்துக்கொள்ளப் போகிறான், நான் கொண்டுபோகிறேன் என்றாள் ஹருயோ. மினோரு எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னான்.

"காலையில முதல் சோறு அம்மாவுக்குத்தான்க்கா. மணி அடிக்காம நான் வாயில எதையும் வைக்கமாட்டேன்."

"உன்னை எழுப்பவே ஒருத்தர் மணி அடிக்கணும்டா" என்றாள் அவள். ஆனாலும் விட்டுக்கொடுத்தாள்.

ஒரு வருஷம் சொன்னபடி செய்தான். அலமாரிக்குள் பட்டு மெத்தை மேல் உட்கார்ந்திருக்கும் கிண்ணம் போன்ற வெண்கல மணி அது. குச்சியால் தட்டினால் நாம் கும்பிட்டு எழுந்த பிறகும் ரீங்காரம் நிற்காது.

ஓய்வுப் பணத்தில் படம் பார்க்க ஐந்து ஸ்பீக்கரும், இடி போன்ற கனத்த சத்தத்துக்கு ஒரு பேஸ் பெட்டியும் வாங்கினான். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. ஒருநாள் நான் போனபோது பேஸ் பெட்டி அவன் உட்காரும் மெத்தையில் உட்கார்ந்திருந்தது. இவன் அதற்கு முன்னால் நான்கு காலில் தவழ்ந்துகொண்டிருந்தான். பெட்டியை நம் இடத்தில் வைத்துவிட்டு, தரையோடு தரையாகக் காதை வைத்துத் தேட வேண்டுமாம். எங்கே அடிச்சத்தம் சுத்தமாகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டிக்கு இடமாம். பாய்த் தரை அதிர்கிறது என்று அதன் அடியில் கல் பலகை போட்டான். மற்ற ஸ்பீக்கர்களுக்கு அடியில் பத்து யென் நாணயங்களைச் செருகினான். சுவரை விட்டுத் தள்ளி, காது உயரத்துக்குத் தூக்கி, நடுவே ஒரு மைக்கை நிறுத்தி அளந்து பார்த்தான். சும்மா சொல்லக் கூடாது, படத்தில் மழை பெய்தால் முதுகு நனைந்தது போல இருக்கும்.

ஆனால் ஒரு குறை. இடி இடித்தால் பின்னாலேயே "ஙீ" என்று ஓர் ஓசை இழுத்தது. ஜன்னல் கண்ணாடி என்று நினைத்து ரப்பர் ஒட்டினான். காகிதக் கதவு என்று நினைத்துக் கம்பளித் துண்டு வைத்தான். ஓசை போகவில்லை. கடைசியில் காதாலேயே தேடிப் பிடித்தான். பக்கத்து அறை அலமாரியில் இருந்த மணிதான் இடிக்குக் கூடவே பாடிக்கொண்டிருந்தது. கையில் அகப்பட்டதை அதற்குள் திணித்தான். ஓசை நின்றுவிட்டது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

இலையுதிர் காலத்தில் அக்காவின் இரண்டாம் வருஷத் திவசம் வந்தது. ஹருயோ, அவள் புருஷன், நான், இன்னும் சில உறவுக்காரர்கள் கறுப்பு உடுப்பில் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தோம். சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு படம் போட்டுக் காட்டுவதாக மினோரு என் காதில் சொல்லியிருந்தான்.

பிக்கு ஊதுவத்தி ஏற்றி, குச்சியை எடுத்து மணியைத் தட்டினார்.

தொப்.

இன்னொரு முறை தட்டினார். தலையணையைத் தட்டியது போலத்தான் கேட்டது. குனிந்து பார்த்துவிட்டு, இரண்டு விரலால் உள்ளிருந்து சாம்பல் நிறக் காலுறை ஒன்றை வெளியே எடுத்தார். அதைத் தன் முழங்கால் பக்கத்தில் பாய் மேல் வைத்துவிட்டு மறுபடி தட்டினார். மணி கணீரென்று ஒலித்தது. மந்திரம் முடியும் வரை காலுறை அங்கேயே கிடந்தது. மினோரு அதற்கு நேர் பின்னால் இருந்தான். அவன் அன்று போட்டிருந்ததும் அதே சாம்பல் நிறம். பாதங்களை மெல்ல மெல்லத் தனக்கு அடியில் இழுத்துக்கொண்டான். காது மடல் சிவந்தது, கழுத்து சிவந்தது. அவனைப் பார்க்க முடியாமல் நான் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிக்குவை வழியனுப்பிவிட்டு வந்த ஹருயோ காலுறையைக் கையில் எடுத்தாள்.

"துவைச்சதுதான்க்கா" என்றான்.

"துவைச்சதான்னு நான் கேக்கல. எப்ப இருந்துடா இது உள்ள இருக்கு?"

"ஜூன் மழைக் காலத்துல இருந்து."

எல்லோருக்கும் கணக்குப் புரிந்தது. கோடை முழுக்க யாரும் அந்த மணியைத் தட்டவில்லை. ஹருயோ திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் காலுறையை அழகாக மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் தலையசைத்தான். சாப்பாட்டுப் பெட்டிகளை எங்களுக்கு முன்னால் வைக்கும்போதும் நிமிரவில்லை. படம் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஹருயோ புருஷன் சின்ன லாரியோடு வந்து அலமாரியை ஏற்றிப்போனார். மணியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஹருயோ முன்னால் உட்கார்ந்தாளாம்.

பனிக்காலத்தில் ஒருமுறை போனேன். அலமாரி நின்ற இடத்தில் பாய் மட்டும் பச்சை மாறாமல் சதுரமாகத் தெரிந்தது. மினோரு டீ ஊற்றிக் கொடுத்தான். நான் கேட்டதால் படம் போட்டான். மழை பெய்தது, இடி இடித்தது.

"இப்ப அந்த ஙீ சத்தம் இல்ல, மாமா" என்றான்.

இல்லைதான். அவ்வளவு சுத்தமாக இருந்தது. அடுத்த இடிக்கு முன்பே அவன் சத்தத்தைக் குறைத்தான், பிறகு அணைத்துவிட்டான். டீ ஆறும் வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.