நன்றியுரையில் ஒரு பெயர்

பேராசிரியை லவீனியாவுக்குச் சீனப் பெண்கள் என்றால் உயிர். நூறு வருடங்களுக்கு முன் கப்பலேறிப் போனவர்களில் எவளுக்கு எந்த நாடு குடியுரிமையை மறுத்தது, எவளை வெறும் மனைவி என்று பதிந்தது என்றெல்லாம் துருவித் துருவி எழுதுவார். எழுதும்போது கண்கூடக் கலங்கும். ஆவணம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டேன் என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அந்த எழுத்துமேசையைத் துடைப்பவள் மன்னார்க்காரி சறோஜா. அவளுடைய குடியுரிமை விண்ணப்பம் திரும்பி வந்தபோது மட்டும் அந்தக் கண் கலங்கவில்லை.

பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தா வீதியில் பேராசிரியையின் அந்த வீட்டுக்குச் சறோஜா பதினான்கு வருடமாகப் போகிறாள். காலை ஏழுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வெளியே வருவாள். சிஞ்ஞோரா என்று அவள் அழைக்கும் அந்த எசமானியம்மா பதிந்த ஒப்பந்தத்திலோ நாளுக்கு இரண்டே மணித்தியாலம். வரி மிச்சம் பிடிக்கும் பெரியமனிதத்தனம்! இவ்வளவு குறைவாக உழைப்பவளுக்குக் குடியுரிமை இல்லையென்று அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள். திருத்தித் தரச்சொல்லி மூன்று தரம் கேட்டாள். "புத்தகம் முடியட்டும், பார்ப்போம்" என்றார் சிஞ்ஞோரா.

"அவவோடை கொழுவாதை. இருக்கிற வேலையும் போயிடும்" என்றான் கணவன் பேனாட். ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவனுக்கு வீட்டில்தான் வீரம்.

புத்தகம் முடிந்தது. வெளியீட்டு விழாவில் பெண்களின் உழைப்பை வரலாறு மறைத்துவிட்டதாகச் சிஞ்ஞோரா முழங்கினார். சறோஜா பின்னறையில் கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூலியோடு ஒரு பிரதியும் கையில் திணிக்கப்பட்டது.

வீட்டில் மகள் மொனிகா கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"அம்மா, இஞ்சை உங்கடை முழுப்பேரும் கிடக்கு! பதினாலு வருசமா ஒவ்வொரு நாளும் காலமை ஏழிலையிருந்து பின்னேரம் ஆறு மட்டும் தன்ரை வீட்டைத் தாங்கினதுக்கு நன்றியாம்."

"மணியும் போட்டிருக்கோ?"

"ஓம்."

"திருப்பி வாசி."

மறுநாள் காலை அந்தப் பக்கத்தை விரித்துச் சிஞ்ஞோராவிடம் நீட்டினாள். "இதிலை ஒரு கையெழுத்து வைச்சுத் தாங்கோ. திகதியும் போடுங்கோ."

சிஞ்ஞோரா உருகிப்போனார். "நன்றியெல்லாம் எனக்கு வேண்டாம், சறோஜா. உண்மையைத்தானே எழுதினேன்" என்று பெரிதாகக் கையெழுத்திட்டார்.

அன்று மாலை தொழிற்சங்க அலுவலர், சறோஜா முறைப்பாட்டோடு நீட்டிய ஒப்பந்தத்தையும் புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "இதை நம்பலாமா? எழுதியது யார்?"

"என்ரை சிஞ்ஞோராதான். ஆவணமில்லாமல் அவ ஒரு வரியும் எழுதமாட்டா" என்றாள் சறோஜா.