காக்கா கடி

எட்டு வயதில், எங்கள் வீட்டில் பெரிய ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. காரணம் இல்லாமல் இல்லை. பதினேழு வயது அக்கா சாப்பிடுகிற கொஞ்சநஞ்சத்தையும் நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். அம்மா கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டாள். லாபு ஊருக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா காலையில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்பாள். தோட்டமே அம்மா கைச்சோற்றில் பசியாறும், பெற்ற மகள் மட்டும் அதைத் தொட மாட்டாள்.

முதலில் யாருக்கும் இது நோய் என்று தோன்றவில்லை. எச்சில் பார்ப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதா என்ன? ஒருவர் வாய் வைத்த தம்ளரில் இன்னொருவர் குடிக்க மாட்டார், கடித்த பண்டத்தைப் பெரியவர்களுக்கு நீட்டினால் முதுகில் ஒன்று விழும். அக்கா அதையே கொஞ்சம் கூடுதலாகச் செய்தாள், அவ்வளவுதான். தைப்பூசத்துக்கு விரதம் பிடித்தாள். தைப்பூசம் முடிந்தது, விரதம் முடியவில்லை. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பாராட்டினார்கள். அதைக் கேட்டு அம்மா கொஞ்ச நாள் பெருமைப்பட்டாள்.

குழாயடியில் அக்கா தட்டைக் கழுவுவாள், கையைக் கழுவுவாள், அந்தக் கையால் தொட்ட தட்டை மறுபடி கழுவுவாள். அதற்குள் சோறு ஆறி விறைத்துவிடும். கைத்தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. பள்ளிச் சீருடை இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்திக்கொண்டு போனாள். ஒரு நாள் காலை, பள்ளியில் எல்லாரும் வரிசையில் நிற்கிற சபைகூடலில் மயங்கி விழுந்தாள். இதயம் ரொம்ப மெதுவாகத் துடிக்கிறது, இப்படியே பட்டினி கிடந்தால் நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொன்னார்கள். லாரியில் டன் கணக்கில் செம்பனைப் பழக்குலை ஏற்றுகிற மனிதர், அன்று வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு ஒரு கிளினிக், கழுவலுக்கு ஒரு கிளினிக் என்று அலைந்தோம். கொஞ்சம் சாப்பிட வைத்தால் கழுவல் கூடும். கழுவலை அடக்கினால் சாப்பாடு நின்றுவிடும். கடைசியில் சிரம்பானில் ஒரு மலாய்ப் பெண் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். என்னை வீட்டில் விட்டால் அக்கா வழியில் எதுவும் சாப்பிட மாட்டாள் என்பதால் என்னையும் கூட்டிப் போனார்கள். நான் தலை நிமிர்ந்து உள்ளே போனேன்.

அந்த டாக்டரும் என்னைப் போலவே எதையும் துருவித் துருவிக் கேட்கிற ரகம். அக்கா வாயைத் திறக்காததால் அப்பாதான் தோட்டத்து மலாயில் விளக்கினார். எல்லாம் எச்சில் என்கிறாள், அதனால்தான் சாப்பிடுவதில்லை என்று சொல்ல வேண்டும். எச்சிலுக்கு அவர் "ஆயர் லியோர்" என்றார். மலாயில் அது வாயில் ஊறுகிற நீர் மட்டும்தான். டாக்டர் கவலையோடு, தூங்கும்போது வடிகிறதா, பல் வலி உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "எச்சிலுக்கு மலாய்ல வார்த்தையே இல்ல போல லா" என்று அம்மாவிடம் முணுமுணுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மேசையில் இருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து, கவுன் நுனியில் சுற்றி, துணியோடு கடித்து உடைத்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் மிட்டாயைப் பங்கு போடுகிற காக்கா கடி அது. துணி நடுவில் இருப்பதால் வாய் படாது, எச்சில் ஆகாது. ஒரு துண்டை டாக்டரிடம் நீட்டி, "இது போலே" என்றேன். மலாயில் 'போலே' என்றால் ஆகும், 'தா போலே' என்றால் ஆகாது. பிறகு இன்னொரு பிஸ்கட்டை வெறும் வாயால் கடித்து, மீதியைக் காட்டி, "இது தா போலே, எச்சில்" என்றேன்.

டாக்டருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே காக்கா கடித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். அதே நேரம் அக்கா, நான் கடித்து வைத்த எச்சில் பிஸ்கட்டை என் கையிலிருந்து வாங்கி ஓரத்தைக் கொறித்தாள். டாக்டரின் சிரிப்பு நின்றது. அது எச்சில்தானே, இது மட்டும் எப்படி என்று அக்காவிடமே நேராகக் கேட்டார்.

அக்கா எங்கள் யாரையும் பார்க்காமல், பள்ளிக்கூடத்து மலாயில் மெதுவாகச் சொன்னாள். அப்பா கேட்டதற்காகத் தமிழிலும் சொன்னாள்.

"பாப்பா ஒல்லி. அவ எச்சி பட்டா ஒண்ணும் ஆகாது. அம்மா எச்சி பட்டா அம்மா உடம்பு எனக்கு வந்துரும்."

அம்மா நல்ல பருமன். துப்பட்டாவை இழுத்து வயிற்றின் மேல் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் அன்று வெகுநேரம் பேசினார். பஸ்ஸில் வரும்போது அப்பா அதை அம்மாவுக்குச் சொன்னார். "கழுவுறதும் அந்தப் பயத்துக்குத்தான், பட்டினியும் அதுக்குத்தான். ரெண்டையும் ஒண்ணா பாக்கணுமாம்."

மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு அளவு சொன்னார்கள், அதில் ஒரு பருக்கை குறையக் கூடாது. அதோடு அம்மா தொட்ட தம்ளரில் அக்கா குடிக்க வேண்டும். அது பழகியதும் அம்மா தொட்ட கரண்டி, பிறகு அம்மா கடித்த வாழைப்பழம். அதன்பின் கழுவக் கூடாது, பயம் தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சுத்தமா, சுத்தமா என்று அக்கா எத்தனை தரம் கேட்டாலும் அம்மா "தெரியாதும்மா" என்று மட்டும் சொல்ல வேண்டும். அம்மா தன் தட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டு வந்ததை டாக்டர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் மெலிந்தால் அவள் பயந்தது சரி என்று ஆகிவிடும், அவள் முன்னால் வயிறாரச் சாப்பிடுங்கள் என்று கண்டித்தார். இனி நான் ஊட்டக் கூடாது என்பதும் அவர் உத்தரவுதான். பிஸ்கட் கொடுத்த எனக்கு இதுதானா மரியாதை என்று அந்த டாக்டரை மனதுக்குள் வைதேன்.

நல்லபடியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தட்டு பறந்தது. ஒருமுறை மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தாள். அம்மா "தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா ஒரே தட்டில் சோறும் நெத்திலிக் குழம்பும் பிசைந்து, தான் ஒரு வாய் சாப்பிட்டு, அதே கையால் ஒரு உருண்டை பிடித்து நீட்டினாள். அக்காவுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அம்மா கையை இறக்கவில்லை. வெகுநேரம் கழித்து அக்கா வாயைத் திறந்தாள். மென்றாள், விழுங்கினாள், குழாயடிக்குப் போகாமல் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் இங்கே எங்கே பார்க்கப் போகிறார் என்று நானும் என் தட்டிலிருந்து ஒரு உருண்டை பிடித்து நீட்டினேன். "எனக்கு வேணாம் பாப்பா, நீ சாப்பிடு" என்றாள் அக்கா, அம்மா கையைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பாதிச் சோற்றில் எழுந்து வெளியே ஓடி, செம்பனை மரத்தடியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா சோற்றுக் கையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்கா என்னை ஒதுக்கிவிட்டதைப் பார்த்து, பாவம், எனக்காகத்தான் அம்மா இப்படி அழுகிறாள் என்று நான் நினைத்தேன். "பரவால்லமா, அழாத" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.