எமகண்டத்துக்கு முன்பே கிளம்பிவிட்ட செப்பாங் டிக்கெட்

1999 அக்டோபர். எங்கள் ஊர் செப்பாங் பந்தயத் திடலில் முதன்முறையாக ஃபார்முலா ஒன் கார் பந்தயம். எனக்கும் அண்ணன் குமரனுக்கும் பல வருடமாக நடந்த சண்டையை அங்கேதான் தீர்ப்பது என்று முடிவு. கிள்ளானில் லோரி ஓட்டும் அண்ணனுக்கு அமெரிக்காவின் இண்டி கார் பந்தயம்தான் உசத்தி. எனக்கு ஃபார்முலா ஒன். அத்தனை கார்களும் சேர்ந்து பாய்ந்து முதல் வளைவில் பிரேக் போடுவதை அவர் கண்ணால் பார்த்தால்தான் என் கட்சி ஜெயிக்கும். ஆரம்பத்தைத் தவறவிட்டால் போனதே வீண்!

பந்தயம் மூன்று மணிக்கு. பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம். அண்ணன் வந்து சேர்ந்ததே பதினொன்றே முக்காலுக்கு; நான் இன்னும் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தேன். பதறிப்போனவர் டிக்கெட் இருந்த பையைத் தூக்கிப்போய் எதிர்வீட்டு ஆன்டியிடம் கொடுத்துவிட்டு வந்தார். நல்ல நேரத்தில் பை வாசலைத் தாண்டிவிட்டால், ஆள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

பன்னிரண்டேகாலுக்கு வெளியே வந்தால் எதிர்வீட்டில் பூட்டு! ஆன்டி செந்தூல் மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

"பைக்கு நல்ல நேரம் அண்ணே. நாமதான் நடுத்தெருவுல நிக்கிறோம்," என்றேன். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

"சும்மா இரு லா. வண்டில ஏறு."

செந்தூல் எதிர்த்திசை. மண்டபத்தில் ஆன்டியைக் கண்டுபிடித்தால், "ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்கப்பா" என்று சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். கெஞ்சிக் கூத்தாடி சாவியை வாங்கி, வீட்டுக்கு ஓடி, பையோடு நெடுஞ்சாலையைப் பிடித்தபோது மணி ஒன்றரை. எமகண்டமும் முடிந்திருந்தது!

வழியெல்லாம் வாக்குவாதம்தான்.

"என் ஆளு டர்போ என்ஜின் வச்சிருக்கான். வட்டப் பாதையில முந்நூத்தம்பதைத் தாண்டுவான். உன் ஆளுக்கு டர்போவே கூடாதுன்னு சட்டம்."

"நேரா அமுக்கிட்டுப் போறது பெரிய விஷயமா? என் கார் எடை கம்மி. வளைவுல பாருங்க."

"செலவு? இங்க ஒவ்வொரு டீமும் சொந்தமா கார் கட்டணும், காசு தண்ணியா ஓடுது. அங்க காரை விலைக்கு வாங்கியே ஓட்டலாம்."

நான் ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே இருக்கும் ஃபார்முலா 3000 பக்கம் தாவினேன். அதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். செலவு குறைவு, ஓட்டுகிறவனின் திறமையும் பளிச்சென்று தெரியும். "பேச்சை மாத்தாதே," என்றார் அண்ணன்.

டோலில் நெரிசல். வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு வெயிலில் ஓடினோம். முதல் வளைவுக்கு எதிரே புல்மேட்டில் மூச்சுவாங்க நின்றபோது என்ஜின்கள் உறுமின. அப்பாடா! நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அத்தனையும் பாய்ந்து வந்தன. வளைவு வந்தே விட்டது, இன்னும் ஒருவனும் பிரேக் போடவில்லை. அண்ணன் கால் தானாகப் புல்லை அழுத்தியது. சட்டென்று எல்லாம் பிரேக்கில் அடங்கி, திரும்பி, மறைந்தன.

"ஐயோ!" என்றார்.

பந்தயம் முடிந்தபோது ராகுகாலம் தொடங்கியிருந்தது. ஆறு மணிவரை அண்ணன் புல்மேட்டைவிட்டு அசையவில்லை. கூட்டமெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நாங்கள் புளிசாதம் தின்றோம். கிளம்பியபோது கூட்டம் கரைந்திருந்தது.

இன்றைக்கு செப்பாங்குக்கு எந்தப் பந்தயம் பார்க்கப் போனாலும் இதையே செய்யுங்கள்: காதுக்குப் பஞ்சு, கையில் சாப்பாடு, முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். டிக்கெட்டை மட்டும் யார் வீட்டிலும் வைக்காதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பினோம். சிவப்பு விளக்கைத் தூரத்தில் கண்டாலே வேகத்தைக் குறைக்கிற ஆள் என் அண்ணன். அன்று எங்கள் தெருமுனைவரை அழுத்திக்கொண்டு வந்து கடைசி நொடியில் பிரேக் போட்டார். புளிசாதத் தூக்கு என் காலடியில் உருண்டது.

"உன் ஆளு மாதிரியே இருந்துச்சா?" என்றார்.