எலியக்கா நின்ற மூலை

எலிக்கூடத்தில் எல்லோரும் அவளை எலியக்கா என்றே கூப்பிட்டார்கள். பதினேழு வருஷ வேலை. கூண்டு கழுவுவாள், ஊசி போட எலியைப் பிடித்துக் கொடுப்பாள். கடித்தாலும் கையை உதற மாட்டாள். உதறினால் எலிக்கு அடிபடும்.

இந்த முறை ஞாபகசக்தி ஆராய்ச்சி. மூளையில் ஒரு நொதியை அடக்கும் மருந்தைப் பாதி எலிகளுக்குப் போட்டு, எல்லாவற்றையும் வட்டத் தொட்டியில் நீந்த விடுவார்கள். கலங்கலான தண்ணீருக்குள் ஒரு மேடை மறைந்திருக்கும். இடத்தை நினைவு வைத்து ஏற எத்தனை நொடி ஆகிறது என்று ஆராய்ச்சிப் பெண் குறிப்பாள். ஈர எலியைத் துவட்டுவது எலியக்கா. அறைக்கு ஜன்னல் கிடையாது.

வெள்ளியோடு இந்த ஆராய்ச்சி வேலை முடியும். சனிக்கிழமை மகளிடம் போக பஸ் டிக்கெட் எடுத்தாயிற்று. தலைப்பிரசவம்.

புதனன்று முழங்கால் வலி. மேடைக்கு நேராக வழக்கமாக நிற்கும் மூலையை விட்டு எதிர்ப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். முதல் எலி அவள் பக்கமே நீந்திவந்து, மேடை இல்லாத இடத்தில் சுற்றியது. அடுத்ததும் அப்படியே.

"என்னக்கா, இன்னிக்கு எல்லாம் மக்கா இருக்கு?"

எலியக்கா எழுந்து பழைய மூலைக்கே போய் நின்றாள். மூன்றாவது எலி எட்டே நொடியில் மேடையேறியது.

"பாத்தீங்களா, மருந்து வேலை செய்யுது!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் சனிக்கிழமை பஸ். ஆனால் இந்த மருந்து கடைசியில் யார் தொண்டையில் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். புத்தி தடுமாறிய மாமியாரை நாலு வருஷம் கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்த்தவள்.

"மருந்து இல்லம்மா, நான்தான். என் நீலக் கோட்டைப் பாத்து வருதுங்க."

ஆராய்ச்சிப் பெண் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். "அப்ப இத்தனை நாள் பண்ணினது?"

"குப்பைதான்."

"புது எலி வச்சு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். பிடிக்கிற கை மாறினா எலி மிரளும்க்கா. லீவு..."

"தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

மகள் போனில் கத்தினாள். "எலிக்கு வேற ஆளே கிடைக்கலியாம்மா?"

"கிடைச்சா நான் ஏன்டி இங்க நிக்கிறேன்? உன் மாமியார் இருக்காங்கல்ல?"

"அவங்களுக்கு ரத்தத்தைப் பாத்தாலே மயக்கம் வரும்."

"அப்ப உள்ள விடாதே. நர்ஸ் சொல்றதைக் கேளு."

தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் திரை கட்டினார்கள். எலி கண்ணில் படாமல் எலியக்கா அதற்குப் பின்னால் நின்றாள். போனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அடுத்த வாரம் ஒருநாள் மதியம் வெளியே வந்தபோது போனில் பதினோரு அழைப்புகள். மருமகனைப் பிடித்தாள்.

"காலையிலேயே பிறந்துடுச்சு அத்தை!"

"அவளுக்கு ரத்தப்போக்கு அதிகமா?"

"இல்ல. நல்லா இருக்கா."

"காய்ச்சல் வந்தா உடனே டாக்டரைக் கூப்பிடுங்க."

உள்ளேயிருந்து ஆராய்ச்சிப் பெண் கதவுக் கண்ணாடியைத் தட்டினாள். எலியக்கா போனை வைத்துவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்ட பிறகுதான் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை என்பது உறைத்தது. சாயங்காலம்வரை இனி வழியில்லை. அடுத்த எலிக்காகக் கையை நீட்டினாள்.