இடி முழங்கினாலும் கழற்றாத பிளக்

பீற்றிஸ் அமிர்தகழி வீதியில் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறாள். போட்டோப் பிரதி, கடவுச்சீட்டுப் படம், ரீலோட், அவ்வளவுதான். பிரதி எடுக்கும் இயந்திரம் தாளைக் கடித்துக்கொண்டு நின்றால், திருத்துகிறவன் வரும்வரை அவளுக்குப் பொறுக்காது. மூடியைக் கழற்றிவிடுவாள். சில நாள் அவளே திருத்திவிடுவாள். சில நாள் திருத்துகிறவன் வந்து, உதிரியாகக் கிடக்கும் ஆணிகளைப் பார்த்துத் தலையில் கை வைப்பான்.

"உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பாக்காம எப்பிடித் தம்பி மூடி வைக்கிற?" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு, நாற்பது தாண்டிய வயதில், மூடியே இல்லாத ஒன்று எதிரே வந்து நின்றது.

அவளுடைய கணவன் அன்ரோ தோணியைக் கட்டி வைக்கிற வாவிக் கரையில், சதுப்பில் வளரும் கண்ணா மரங்கள் அடர்ந்திருந்தன. வெளியூர்ப் பணக்காரர் ஒருவர் அங்கே திருமண மண்டபம் கட்டப் புறப்பட்டார். டிப்பர் டிப்பராகக் கிரவல் மண் வந்து வாவிக்குள் விழுந்தது. கேட்டால், "இது எப்பவும் மேட்டு நிலம்தான், காணி உறுதியைப் பாருங்க" என்றார்கள். உறுதியில் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருந்ததைக் கண்ணால் கண்டவர்களுக்கோ உறுதி கிடையாது. பீற்றிஸ் தோணித்துறைச் சீமெந்துப் படியில் நின்று படம் பிடிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் அதே படி. இடது ஓரத்தில் அந்தோனியார் சிலை நிற்கிற சுருவக் கூடு, நடுவில் தண்ணீர். மாதங்கள் போகப் போகச் சுருவக் கூடு அசையவில்லை, தண்ணீர்தான் சுருங்கிக்கொண்டே போனது.

அந்தப் படங்களை முகநூலில் ஒரு பக்கம் திறந்து போட்டாள். ஊர் பார்த்தது, வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு நாள் விடியும் வெள்ளாப்பில் பக்கத்தைக் காணவில்லை. பலர் முறைப்பாடு செய்ததால் நீக்கப்பட்டதாம். முறைப்பாடு செய்த பலர் யார், சொன்ன குற்றம் என்ன, விசாரித்தது யார், ஒன்றும் இல்லை. மேன்முறையீடு எழுதினாள். அனுப்பிய கை கீழே இறங்குமுன் பதில் வந்துவிட்டது: தீர்ப்பில் மாற்றமில்லை. அந்தப் பதிலை எழுதியது மனிதரல்ல என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. அரசர் காலத்தில்கூடக் கழுவேற்றப் போகிறவனுக்குக் குற்றம் இன்னதென்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

வேறு யாரும் என்றால் அழுதிருப்பார்கள். பீற்றிஸுக்கு ஒரு கேள்வி வந்தது.

"இவ்வளவு நாளும் அந்தப் படமெல்லாம் எங்க கிடந்தது?" என்று அன்ரோவைக் கேட்டாள்.

"இன்டநெட்டில."

"அது எங்க?"

"அது... எல்லா இடத்திலயும்."

"எல்லா இடத்திலயும் இருக்க அது என்ன கடவுளா? ஒரு வீடு வாசல் இருக்கத்தானே வேணும்."

தேடிப் பார்த்தாள். விடை அவளுக்குச் சிரிப்பை வரவழைத்தது. இணையத்தில் இருக்கிற எல்லாம் யாரோ ஒருவருடைய கொம்பியூட்டரில்தான் இருக்கிறது. அவ்வளவு காலமும் அவள் வாடகை கொடுக்காத குடியிருப்புக்காரி. வீட்டுக்காரர் வெளியே தள்ளிவிட்டார். அப்படியென்றால் சொந்த வீடு கட்டினால் என்ன?

கேள்வி சும்மா வந்ததல்ல. மாரி முடிந்ததும் பிரதேச செயலகத்தில் அந்தக் கரையைப் பற்றி ஒரு கூட்டம் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வாயால் சொன்னால் எடுபடாது, ஆதாரம் வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். மண்டபம் எழும்பினால் அன்ரோவுக்கும் அந்தத் துறையில் தோணி கட்டுகிற மற்றவர்களுக்கும் கரை இல்லை. அந்தப் படங்கள் ஊரின் கண்ணுக்கு முன்னால் இருந்தாக வேண்டும்.

தமிழில் நடக்கிற ஒரு குழு அவள் கண்ணில் பட்டது. தங்கள் தங்கள் வீட்டுக் கொம்பியூட்டரையே சேர்வராக்கி, யாரும் பிரித்துப் பார்க்கக்கூடிய திறந்த மென்பொருள்களை ஓட்டுகிறவர்களின் குழு. யாரும் பிரித்துப் பார்க்கலாம் என்ற அந்த ஒரு வரிக்காகவே பீற்றிஸ் உள்ளே போனாள். எழுதி அழித்து, அழித்து எழுதிக் கடைசியில் போட்டாள்: "நான் கொம்பியூட்டர் படிச்ச ஆளில்லை. கடையில ஒரு பழைய கொம்பியூட்டர்ப் பெட்டி கிடக்கு. அதில என்ட படங்களை வைச்சு ஊருக்குக் காட்டலாமா? பிழையான கேள்வியெண்டா மன்னிக்கவும்."

முதல் பதில்: "கையேட்டைப் படித்துவிட்டு வரவும். இது பாலர் வகுப்பு அல்ல."

முகம் சுட்டது அவளுக்கு. தனக்குத் தெரிந்ததைச் சுற்றி மதில் கட்டிக்கொண்டு, வாசலில் நிற்கிறவரைப் பார்த்து இளிக்கிற இந்தப் புத்தி புதிதல்ல. வேதம் கேட்ட காதில் ஈயம் ஊற்றச் சொன்ன அதே புத்திதான், இப்போது கொம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பீற்றிஸ் எழுதியதை அழிக்கப் போனாள். அதற்குள் குழுவைப் பராமரிக்கிற உதயரூபன் என்பவர் கீழே எழுதியிருந்தார்: "பாலர் வகுப்பு இல்லாத பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்கு ஆள் எங்கிருந்து வரும்? அக்கா, கேள்வியில் பிழை இல்லை. இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசியாக வந்தவர்தான் அடுத்து வருகிறவருக்குக் கதவு திறக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் தெரியாமல் இருந்த காலம் மறந்துபோய்விட்டது. கடைசியாக வந்தவருக்கு மறந்திருக்காது."

கடைசியாக வந்தவள் நுஸ்ரா. காத்தான்குடியில் பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுக்கிறவள். பாடக் குறிப்புகளைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வீட்டிலேயே ஒரு சேர்வர் வைத்திருந்தாள்.

"அக்கா, நானும் இதே கேள்வியத்தான் கேட்டன்" என்று தொலைபேசியில் சொன்னாள். "வாப்பாட கொம்பியூட்டர எரிச்சிருவனோ எண்டு பயந்து பயந்துதான் தொட்டன். ஒண்டும் எரியல்ல."

"எரிஞ்சா?"

"எரிஞ்சா என்ன, மறுகா ஒண்டு தேடுவம்."

பீற்றிஸுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பழைய பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தூசி தட்டி, லினக்ஸ் ஏற்றி, நுஸ்ரா சொல்லச் சொல்லக் கட்டளைகளை அடித்தாள். ஒவ்வொன்றுக்கும் "இது என்னத்துக்கு?" என்று கேட்டாள். நுஸ்ராவுக்குத் தெரியாதபோது இருவரும் குழுவில் கேட்டார்கள். கண்டியிலிருக்கிற உதயரூபனின் திரையில் அந்தோனியார் சுருவக் கூடு தெரிந்த அன்று, பீற்றிஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதன் விசிறி இரைந்துகொண்டிருந்தது. உலகத்தில் எங்கிருந்தாவது ஒருவர் அந்தப் படத்தைத் திறந்தால், இந்த மேசைக்குத்தான் வந்து போக வேண்டும்.

தொலைபேசி நிறைந்து வழிந்ததால் படங்களை எல்லாம் பெட்டிக்கு மாற்றிவிட்டு, தொலைபேசியிலிருந்தவற்றை அழித்தாள். நுஸ்ரா கேட்டதும் கத்தினாள்.

"அக்கா! ஒரு வீட்டில மட்டும் வைக்கப்படா. உங்கட பிரதி என்ட வீட்டில, என்ட பிரதி உங்கட வீட்டில. அதுதான் குழுவில வழக்கம்."

முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் அயலிலுள்ள தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று கண்டு கதவைச் சாத்திய வருடங்கள் உண்டு. இப்போது இரண்டு பெண்கள் ஒருவர் வீட்டில் மற்றவருடைய சொத்தை வைக்கப் போகிறார்கள். பீற்றிஸ் உடனே சம்மதித்தாள். பிரதி எடுக்கும் வேலை தொடங்கியது.

ஆனால் முடியவில்லை. வீட்டு இணைப்பு ஊர்ந்துதான் போகும். பாதி போவதற்குள் பெட்டி நின்றுவிடும். பீற்றிஸ் கடையிலிருந்து வந்து பார்த்தால் செத்துக் கிடக்கும். போட்டால் ஓடும், பிரதி முதலிலிருந்து தொடங்கும். மறுநாள் பின்னேரம் மறுபடி நின்றுவிடும். ஊரில் மின்தடையும் இல்லை. குழுவில் கேட்டாள். நோர்வேயிலிருந்து ஒருவர் நினைவகம் பழுது என்றார். சென்னையிலிருந்து ஒருவர் சூடு அதிகம், விசிறியை மாற்றுங்கள் என்றார். பீற்றிஸுக்கு எல்லாமே சுவையாக இருந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாள். எதுவும் பழுதில்லை.

நுஸ்ராதான் கடைசியில் கேட்டாள். "அக்கா, நேற்றுப் பின்னேரம் இடி முழங்கினது என்ன?"

"ஓம், முழங்கினதுதான்."

"நீங்க கடையில. வீட்டில ஆர்?"

"மாமா." சொன்ன உடனேயே பீற்றிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்ரோவின் தகப்பன் செபஸ்தியாம்பிள்ளை வாவியில் தொழில் செய்தவர். தோணியில் தன்னோடு இருந்த தம்பியை மின்னலுக்குக் கொடுத்தவர். வானம் ஒருமுறை உறுமினால் போதும், வீடு முழுக்கச் சுற்றி ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் போடுவார். மழை விட்டதும் ரீவியையும் குளிர்சாதனப் பெட்டியையும் திரும்பக் கொளுவுவார். இந்தப் பெட்டியையும் கொளுவுவார், ஆனால் பழக்கமில்லாத அதன் பொத்தானைத் தொட மாட்டார். பீற்றிஸும் கடையில் அதைத்தான் செய்வாள். இந்தக் கரையில் அதைச் செய்யாத வீடு இல்லை. அவ்வளவு வழக்கமானதால்தான் குழுவில் சொல்ல வேண்டிய விஷயமாக அது அவளுக்குத் தோன்றவே இல்லை. நோர்வேக்காரர் தலைகீழாக நின்றாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"மாமா, இந்தப் பெட்டிய மட்டும் விடுங்க, ரெண்டு நாளைக்கு."

"மின்னலுக்கு உன்ட பெட்டி, மற்றப் பெட்டியெண்டு தெரியுமா புள்ள?"

பீற்றிஸ் யோசித்தாள். இந்த வீட்டில் மாமா கழற்றாத பிளக் ஒன்று உண்டு. முன்னறைச் சுவரில் ஆண்டவரின் திரு இருதயப் படம். அதன் முன்னால் சின்னச் சிவப்பு மின்குமிழ். அந்த வெளிச்சம் அணைந்ததை அவள் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து கண்டதில்லை. மறுநாள் மாமா பூசைக்குப் போன நேரம், பெட்டியையும் இணைய இணைப்புச் சாதனத்தையும் படத்துக்குக் கீழே நகர்த்தி அந்தச் சிவப்பு மின்குமிழின் பிளக்கிலேயே கொளுவினாள்.

பிரதி ஓடியது. இரண்டு பின்னேரம் இடி முழங்கியது, மாமா வீட்டைச் சுற்றி வந்தார், சிவப்பு வெளிச்சத்துக்கு நேரே சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போனார். பெட்டி நிற்கவில்லை.

மூன்றாவது முறை வாவிக்கு மேலிருந்து வந்த மின்னல் பக்கத்துத் தென்னையில் இறங்கியது. வீடு அதிர்ந்தது. பீற்றிஸ் கடையிலிருந்து நனைந்து ஓடிவந்தபோது ரீவி நன்றாக இருந்தது, குளிர்சாதனப் பெட்டி நன்றாக இருந்தது. முன்னறைச் சுவர் கருகியிருந்தது. சிவப்பு மின்குமிழ் உடைந்து சிதறிக் கிடந்தது. பெட்டியிலிருந்து தீய்ந்த மணம். மூடியைக் கழற்றினாள். படங்கள் இருந்த வன்தட்டும் கருகியிருந்தது.

செபஸ்தியாம்பிள்ளை கதிரையில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் கழட்டினன். இதுல எப்பிடிக் கை வைக்கிறது?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல நியாயமில்லை. மின்னலுக்கு இந்தப் பெட்டி, அந்தப் பெட்டி தெரியாது என்று அவர்தான் அவளுக்குச் சொன்னார். கேட்டும் கேளாமல் அங்கே கொண்டுபோய்க் கொளுவியது அவள். நுஸ்ராவுக்கு அழைத்தாள்.

"புள்ள, எரிஞ்சு போச்சு. பிரதி எவ்வளவு வந்தது?"

மறுமுனையில் விசைகள் தட்டுகிற சத்தம். பீற்றிஸ் கருகிய சுவரில் கையை ஊன்றி நின்றாள்.

"அக்கா... எல்லாம் வந்திட்டு. கடைசிப் படம் முந்தநாள் வந்திருக்கு."

பீற்றிஸ் அதை மாமாவுக்குச் சொன்னாள். செபஸ்தியாம்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா புள்ள, இருதயநாதர் காப்பாத்திப் போட்டார்."

"நுஸ்ரா காப்பாத்தினா மாமா."

"நுஸ்ராவ ஆர் அனுப்பினது?"

"உதயரூபன்" என்றாள் பீற்றிஸ்.

அன்றே உதயரூபன் பக்கத்தின் முகவரியை நுஸ்ராவின் வீட்டுக்குத் திருப்பிவிட்டார். அமிர்தகழித் தோணித்துறை காத்தான்குடியில் ஒரு ரியூசன் அறையிலிருந்து உலகத்துக்குத் தெரிந்தது. பிரதேச செயலகக் கூட்டத்தில் மண்டபக்காரரின் சட்டத்தரணி, இந்தப் பக்கம் ஏற்கெனவே தடை செய்யப்பட்ட ஒன்று என்று எழுந்தார். அதிகாரி தன் தொலைபேசியிலேயே முகவரியை அடித்தார். திறந்தது. ஒரே படி, ஒரே சுருவக் கூடு, நடுவில் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற தண்ணீர். அதிகாரி கடைசி வரை தள்ளிப் பார்த்தார். நில அளவை முடியும்வரை ஒரு டிப்பரும் அங்கே போகக் கூடாது என்று எழுதினார். கொட்டிய கிரவலை அள்ள உத்தரவு இல்லை. அது இன்னும் கரையில் கிடக்கிறது, பீற்றிஸ் இன்னும் படம் பிடிக்கிறாள். முறைப்பாட்டுக்காரர்கள் மறுபடி தேடியிருப்பார்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் அவர்கள் அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை.

இப்போது வேறொரு பழைய பெட்டி, வேறொரு சுவர். இடி முழங்கினால் மாமா அதையும் கழற்றுவார், மழை விட்டதும் கொளுவுவார். மின்சாரம் வந்ததும் தானாக எழும்பி, விட்ட இடத்திலிருந்து பிரதியைத் தொடர அதைப் பழக்கியிருக்கிறாள். அந்தப் பாடத்தைக் குழுவின் கையேட்டில் சேர்க்கச் சொல்லி உதயரூபன் கேட்டார். எழுதிக் கொடுத்தாள். பாலர் வகுப்பு என்று சொன்ன ஆள்தான் அதை முதலில் வாசித்து, தன் ஊரிலும் மின்னல் அதிகம் என்று நன்றி சொன்னார்.

போன கிழமை பனிச்சங்கேணியிலிருந்து தனுஷா என்று ஒரு பெண் குழுவுக்கு வந்தாள். இறால் பிடிக்கிற பெண்களின் சங்கத்துக்கு ஒரு பக்கம் வேண்டுமாம். முட்டாள்தனமான கேள்வியென்றால் மன்னிக்கச் சொல்லியிருந்தாள். அவளுக்கு முன் கடைசியாக வந்தவள் பீற்றிஸ். கதவு திறக்க வேண்டியது அவள்.

கடையில் ஆட்கள் நின்றார்கள். பிரதி இயந்திரம் தாளைக் கடித்துக்கொண்டு நின்றது. பீற்றிஸ் அதை விட்டுவிட்டு எழுதினாள்: "வாங்க தங்கச்சி. கேள்வியில ஒரு பிழையும் இல்லை. தொடங்க முன்னம் ஒண்டு சொல்லுங்க. உங்கட வீட்டில இடி முழங்கினா ஆர் பிளக்கைக் கழட்டுற?"